காணாமையும் இல்லாமையும்

ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லை என்பதை மனிதன் எதைக் கொண்டு அறிகிறான் என்னும் வினா, இந்தியத் தத்துவ மரபில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஆராயப்பட்டு வந்த ஒன்றாகும். தரையில் குடம் இருந்தால் கண் குடத்தைக் காண்கிறது. குடம் இல்லாதபோது கண்ணுக்குத் தெரிவது வெறுந்தரை மட்டுமே, ‘குடத்தின் இன்மை’ என்று தனியே ஒரு நிறமோ வடிவமோ அங்கே கிடையாது. அப்படியிருக்க, ‘இங்கே குடம் இல்லை’ என்ற ஐயமற்ற அறிவு எவ்வழியே வந்தது என்று மீமாம்சகரும் நையாயிகரும் பௌத்தரும் சைவ சித்தாந்திகளும் தத்தம் நூல்களில் வாதிட்டுள்ளனர். குடத்தையும் தரையையும் வைத்துக்கொண்டு இத்தனை தலைமுறையாக வாதிட என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றலாம். ஆயினும், அடிக்கடி அணைந்துபோகும் கைப்பேசியை வாரண்டிக் காலத்துக்குள் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு, மூன்று நாள் கழித்து ‘பழுது எதுவும் காணப்படவில்லை’ என்று எழுதிய தாளோடு அதைத் திரும்பப் பெறுகின்றவர் நிற்பது அந்த வாதத்தின் நடுவில்தான். தாளில் இருக்கும் சொல் ‘காணப்படவில்லை’ என்பது. மேசைக்கு அப்பாலிருந்து அவருக்குச் சொல்லப்படும் பொருளோ ‘இல்லை’ என்பது. இவ்விரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள தொலைவை அளப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதுரையிலிருந்து மேலூருக்குச் செல்லும் பெருஞ்சாலையில் யானைமலையின் அடிவாரத்தில் அமைந்த ஒத்தக்கடையை எடுத்துக்கொண்டால், இவ்வினாவின் உலகியல் வடிவம் எளிதில் புலப்படும். வேளாண்மைக் கல்லூரி 1965-இலும், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004-இலும் அருகே வந்த பிறகு பெருகிவிட்ட இவ்வூரில் கைப்பேசிக் கடைகளுக்குக் குறைவில்லை. அக்கடைகள் ரீசார்ஜ் செய்யும், டெம்பர் கிளாஸ் ஒட்டும், உடைந்த டிஸ்ப்ளேயை மாற்றும். ஆனால் வாரண்டி முடியாத கைப்பேசியின் மூடியைத் திறக்கப் பெரும்பாலும் இசைவதில்லை, வெளியாள் கை பட்டால் வாரண்டி போய்விடும் என்று அவர்களே சொல்லி அனுப்பிவிடுவார்கள். வாரண்டி என்பது, விற்ற பொருள் குறித்த காலம்வரை, அதாவது கைப்பேசிக்குப் பெரும்பாலும் ஓராண்டும் உடன்வரும் சார்ஜருக்குப் பல நிறுவனங்களில் ஆறு மாதமும், தன்னிடத்துள்ள குறையால் கெடாது, கெட்டால் காசு வாங்காமல் சரிசெய்து தரப்படும் என்று அதைச் செய்தவர் கொடுக்கும் வாக்கு ஆகும். அவ்வாக்கைக் கேட்டுப் பெற, நிறுவனம் ஒப்புதல் தந்த சர்வீஸ் சென்டரைத் தேடி மாட்டுத்தாவணியைத் தாண்டி நகருக்குள் செல்ல வேண்டியிருக்கிறது.

கைப்பேசியின் பழுதுகளில் முற்றிலும் கெட்டுப்போன நிலை எவருக்கும் சிக்கல் தருவதில்லை. உயிரற்ற திரையை இருதரப்பும் ஒருசேரக் காண்கின்றன. தத்துவச் சிக்கலை உண்டாக்குவது வந்து வந்து மறையும் பழுது. பலகையின் மீது பதிக்கப்பட்ட சில்லும் அப்பலகையும் சூட்டில் ஒரே அளவாக விரிவதில்லை என்பதால், இரண்டையும் இணைக்கும் ஈயப்பொட்டுகளில் மயிரிழையளவு விரிசல் விழக்கூடும். சூடேறும்போது அவ்விரிசல் அகன்று மின்தொடர்பு அறும், ஆறியதும் பொட்டு மீண்டும் ஒட்டிக்கொண்டது போலத் தொடர்பு திரும்பும். சித்திரை வெயிலில், சட்டைப்பைக்குள் கிடந்து, வழிகாட்டி வரைபடமும் இணையமும் ஓடிக்கொண்டிருக்கும் வேளையில் அணைந்துபோன அதே கைப்பேசி, குளிரூட்டிய அறையின் மேசைமேல் சமர்த்தாக வேலை செய்வதற்குக் காரணம் இதுவே. கைப்பேசியைப் பயன்படுத்தத் தகுந்த சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரை என்று ஆப்பிள் நிறுவனம் தன் குறிப்பில் எழுதியிருக்கிறது. மதுரையின் கோடை நண்பகல் அவ்வெல்லையைச் சாதாரணமாகக் கடந்துவிடும். ஊரின் இயல்பான பருவமே பொருளின் விதிக்குப் புறம்பானதாகிவிடுகிற இந்த வேடிக்கை ஒருபுறம் இருக்க, பழுது தோன்றும் இடமும் பழுது தேடப்படும் இடமும் வெவ்வேறு என்பதே இங்குக் கருதத்தக்கது.

அறிவு எவ்வழிகளில் உண்டாகிறது என்பதை ஆராயும் பகுதியைத் தமிழ்ச் சமய நூல்கள் ‘அளவை’ என்னும் பெயரால் வழங்குகின்றன. நெல்லை மரக்கால் அளப்பது போலப் பொருளின் உண்மையை அளப்பதால் அது அளவையாயிற்று. மணிமேகலையில், வஞ்சி நகரில் பல சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கும் காப்பியத் தலைவிக்கு, அளவைவாதி பத்து அளவைகளை எடுத்துரைக்கிறான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரும் அளவைகளைப் பத்தாக எண்ணிவிட்டு, அவை அனைத்தும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்கிறது. காண்டல் நேரே அறிதல். கருதல், கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்தல். உரை, நம்பத்தக்கவர் சொல்லைக் கேட்டு அறிதல். இந்நூல் காண்டலையும் நான்காகப் பிரிக்கிறது. பொறிகளால் காண்பது, மனத்தால் காண்பது, யோகியின் காட்சி ஆகியவற்றோடு ‘தன்வேதனைக் காட்சி’ என்று ஒன்றையும் அது சேர்க்கிறது. தனக்கு நேர்ந்த இன்ப துன்பங்களைத் தானே நேராக அறியும் அறிவு அது. பல்வலி உண்டா என்று பல்வலிக்காரன் பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை.

கைப்பேசி அணைந்ததைப் பயன்படுத்தியவர் கண்ணால் கண்டதும், அதனால் காய்கறிக் கடையில் பணம் செலுத்த முடியாமல் நின்றதும் அவரளவில் ஐயமற்ற காட்சி. அதே செய்தி சர்வீஸ் சென்டரின் மேசையைத் தாண்டியதும் ‘உரை’யாக மாறிவிடுகிறது, அங்கிருப்பவர் அதை ‘வாடிக்கையாளர் கூறும் குறை’ என்னும் தலைப்பின்கீழ் ஜாப் ஷீட்டில் ஒரு வரியாக எழுதிக்கொள்கிறார். ஜாப் ஷீட் என்பது ஒப்படைக்கப்பட்ட பொருளின் எண், வெளித்தோற்றம், சொல்லப்பட்ட குறை, கண்டறியப்பட்ட குறை ஆகியவற்றைப் பதியும் தாள். சொல்லப்பட்டதும் கண்டறியப்பட்டதும் தனித்தனிக் கட்டங்களில் நிற்பது முறையானதே. எனினும் நடைமுறையில் முதற்கட்டத்துக்கு அளவையின் தகுதி கிடைப்பதில்லை. இரண்டாவது கட்டம் வெறுமையாக இருந்தால் முதற்கட்டமும் பொய்யாகிவிட்டதாகவே கொள்ளப்படுகிறது. நம்பத்தக்கவர் யார் என்பதற்கு நியாய நூல்களின் உரைமரபு தரும் விளக்கம், பொருளை உள்ளபடி அறிந்து, அறிந்தபடியே சொல்ல விரும்புபவர் என்பதாகும். அதில் குலமோ கல்வியோ நிபந்தனையாக வைக்கப்படவில்லை. காசு கொடுத்து வாங்கிய கைப்பேசியை மூன்று நாள் பிரிந்திருக்க எவரும் பொழுதுபோக்காக விரும்புவதில்லை என்பதை எண்ணினால், வாடிக்கையாளரின் சொல்லுக்கு இன்னும் சற்று எடை தந்திருக்கலாம்.

இனி மையமான வினாவுக்கு வரலாம். ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்த குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர், இன்மையை அறிவதற்கு ‘அனுபலப்தி’ என்னும் தனி அளவை உண்டு என்றனர். அனுபலப்தி என்றால் காணப்படாமை. நையாயிகர் அதைத் தனி அளவையாகக் கொள்ளாமல், தரையைக் காணும் கண்ணே குடத்தின் இன்மையையும் காண்கிறது என்றனர். பெயரிலும் எண்ணிக்கையிலும் இவ்வாறு மாறுபட்டவர்கள் ஒரு நிபந்தனையில் மட்டும் ஒன்றுபட்டனர். காணாமை இல்லாமைக்குச் சான்றாக வேண்டுமானால், அப்பொருள் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலை இருக்க வேண்டும். இதனை ‘யோக்கியதை’, அதாவது காணப்படுவதற்குரிய தகுதி என்பர். பகல் வெளிச்சத்தில் கூடத்தைப் பார்த்துவிட்டு ‘குடம் இல்லை’ என்பவன் அறிவு செல்லும். விளக்கில்லாத கூடத்தில் எட்டிப் பார்த்துவிட்டு அதையே சொல்பவன் தன் கண்ணின் வரம்பைப் பொருளின் மேல் ஏற்றிச் சொல்கிறான். பௌத்தத் தருக்க நூலாசிரியரான தருமகீர்த்தி இதற்குப் பேயை உதாரணமாக்குகிறார். இயல்பாகவே கண்ணுக்குப் புலப்படாதது என்று கருதப்படும் பேயைக் காணவில்லை என்பதால் பேய் இல்லை என்ற துணிவு பிறக்காது, ஐயம் மட்டுமே எஞ்சும் என்பது அவர் கருத்து.

இந்த நிபந்தனை இறைமை பற்றிய வாதத்தில் எவ்வளவு பாரம் தாங்கியது என்பதற்கு, பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த உதயணரின் நியாயகுசுமாஞ்சலி சான்று. கடவுளை எவரும் கண்டதில்லை, ஆகவே கடவுள் இல்லை என்னும் வாதத்தை அந்நூலின் மூன்றாம் பகுதி எதிர்கொள்கிறது. கண்ணுக்குப் புலனாகும் தகுதியே இல்லாத ஒன்றைக் காணவில்லை என்பது அதன் இன்மையை நாட்டாது என்பது உதயணர் தரும் விடை. இங்கு அவருடைய நேர்மையையும் குறிப்பிட வேண்டும். எதிரியின் மறுப்பு செல்லாது என்று காட்டியதோடு அவர் நிறுத்திவிடவில்லை; மறுப்பு வீழ்ந்ததால் மட்டும் தம் கட்சி நிலைபெற்றுவிடாது என்பதை உணர்ந்து, இறைவன் உண்டு என்பதற்குரிய சான்றுகளைத் தனியே ஐந்தாம் பகுதியில் அடுக்குகிறார்.

உதயணரின் இந்த இரட்டை நடை, சர்வீஸ் சென்டர் மேசையின் இரு பக்கங்களுக்கும் பொருந்துகிறது. குளிர்ந்த அறையில், சிம் அட்டை இல்லாமல், அரைமணி நேரம் இயக்கிப் பார்த்துவிட்டு ‘பழுதில்லை’ என்று எழுதுவது விளக்கில்லாத கூடத்தில் குடம் தேடியதற்கு ஒப்பாகும். அந்தச் சூழலில் பழுது புலப்படும் தகுதியே பெறவில்லை. அதற்கு மறுதலையாக, கண்ணுக்குப் படாத பழுது உண்டு என்று சொன்னாலே போதும் என்றால், வாரண்டி முடியும் தறுவாயில் புதுக் கைப்பேசி கேட்டு வருபவர் எவரையும் மறுக்க இயலாது. ஆகையால் பழுதைக் காணத்தக்கதாக ஆக்கும் பொறுப்பு வாடிக்கையாளருக்கும் ஓரளவு உண்டு. கைப்பேசி அணையும் நேரத்தை வேறொரு கைப்பேசியால் வீடியோ எடுத்து வருவது இப்போது பெருகியிருப்பதற்குக் காரணம் இதுவே. ஒரு கருவியின் பிணிக்கு இன்னொரு கருவி கரி சொல்கிறது. கரி என்றால் சாட்சி என்றும் யானை என்றும் தமிழில் பொருளுண்டு. யானை பெயர் தந்த மலையின் அடியில் இந்த ஒற்றுமை நினைவுக்கு வராமல் போகாது.

அம்மலையைப் பற்றி இவ்விடத்தில் சிறிது சொல்ல வேண்டும். யானைமலைக் குகைத்தளத்தில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இம்மலையை ‘இவகுன்றம்’ என்கிறது. இவம் என்றாலும் யானைதான். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே கற்படுக்கையில் உறைந்த துறவியர் சமணர் என்பது பெரும்பாலான அறிஞர் கருத்து. பிற்காலத்தில், ஒன்பது பத்தாம் நூற்றாண்டுகளில், தீர்த்தங்கரர் சிற்பங்களும் அங்கே செதுக்கப்பட்டன. திருவிளையாடற் புராணமோ, சமணர் ஏவிய யானையைச் சிவபெருமான் அம்பெய்து வீழ்த்த அதுவே மலையாயிற்று என்று ‘யானை எய்த படலத்தில்’ வேறு விதமாகக் கதை சொல்லும். ஒரே பாறைக்கு ஒரு சமயத்தார் தவப்பள்ளி என்றும் இன்னொரு சமயத்தார் போர்க்களம் என்றும் பொருள் கண்டனர். சமணத்தின் தனிக்கொள்கையான அநேகாந்தவாதம், பொருளுக்கு எண்ணற்ற தன்மைகள் உண்டு, ஒவ்வொரு கூற்றும் ஒரு நிலையிலிருந்து மட்டுமே உண்மையாகும் என்கிறது. அதனால் ‘ஒருவகையில்’ என்று பொருள்படும் ‘ஸ்யாத்’ என்னும் அடையைச் சேர்த்தே எதையும் சொல்ல வேண்டும் என்று அது விதிக்கிறது. சாலையில் வருவோர்க்கு மண்டியிட்ட யானையாகத் தெரிவது, மலைமேல் ஏறி நிற்பவன் காலுக்கு வழுக்குப் பாறையாக இருக்கிறது. ‘இருபத்தைந்து பாகை வெப்பத்தில், சிம் இல்லாத நிலையில், முப்பது நிமிடம் இயக்கியபோது பழுது தோன்றவில்லை’ என்று ஜாப் ஷீட் எழுதப்படுமானால் சமண முனிவரும் அதில் பிழை காணமாட்டார். அடையை நீக்கிவிட்டு ‘பழுதில்லை’ என்று முடிப்பதில்தான் உண்மை, நயத்திலிருந்து நயாபாசமாக, அதாவது ஒருபுறப் பார்வையிலிருந்து பார்வைப் போலியாக, விழுந்துவிடுகிறது.

பழுது உண்டு என்று ஒப்புக்கொள்ளப்பட்ட பின்னும் வாதம் ஓய்வதில்லை; அது காரணத்துக்கு மாறுகிறது. வைசேடிகர் இன்மையை நான்கு வகையாக்கினர். குயவன் வனைவதற்கு முன் குடம் இல்லாதிருப்பது முன்னின்மை; உடைந்தபின் இல்லாதிருப்பது அழிவின்மை; குடம் துணியாக இல்லாதிருப்பது ஒன்றிலொன்றின்மை; காற்றில் நிறம் எக்காலத்தும் இல்லாதிருப்பது என்றுமின்மை. வாரண்டித் தகராறு முழுவதும் இவற்றுள் முதலாவதைப் பற்றியதே என்றால் மிகையாகாது. விற்ற நாளில் இப்பழுது இப்பொருளில் இல்லை, வாங்கியவர் கையில்தான் பின்னர் வந்தது என்று நிறுவனம் பழுதின் முன்னின்மையை வாதிடுகிறது. கண்ணுக்குத் தெரியாமல் அன்றே உள்ளிருந்தது இன்று வெளிப்பட்டது என்று வாங்கியவர் வாதிடுகிறார். காரணத்துள் காரியம் முன்பே உண்டு என்று சாங்கியரும் சைவ சித்தாந்தியரும் கொண்ட சற்காரியவாதத்தின் பக்கம், தம்மையறியாமல் எல்லா வாடிக்கையாளரும் சேர்ந்துவிடுகின்றனர்.

இவ்வாதத்தைச் சுருக்கமாக முடித்துவைக்கக் கைப்பேசிக்குள் ஓர் அடையாளம் வைக்கப்பட்டுள்ளது. விரல்நகத்திலும் சிறிய வெள்ளை ஒட்டுத்தாள் அது. நீர் பட்டால் சிவந்துவிடும். பல கைப்பேசிகளில் சிம் தட்டை உருவிவிட்டு விளக்கடித்துப் பார்த்தால் அந்தத் துளைக்குள்ளேயே தெரியும். தாள் சிவந்திருக்கிறது, ஆகவே நீர் புகுந்தது, ஆகவே பழுது பயன்படுத்தியவரால் விளைந்தது, ஆகவே வாரண்டி இல்லை என்று முடிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. மணிமேகலையில் அறவண அடிகள் ஏதுப்போலியை, அதாவது காரணம் போலத் தோன்றிக் காரணமாகாததை, அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூன்றாகப் பகுத்துரைக்கிறார். இவற்றுள் அநைகாந்திகம் என்பது, நிறுவ வேண்டிய பொருள் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படுவதால் எதையும் உறுதிப்படுத்தாத ஏது ஆகும். ஈரப்பதத்தாலும் அத்தாள் நிறம் மாறக்கூடும் என்ற வாதத்தை முன்வைத்து அமெரிக்காவில் ஆப்பிள் நிறுவனத்தின் மீது தொடரப்பட்ட வழக்கு, 2013-இல் 5.3 கோடி டாலர் தருவதற்கு அந்நிறுவனம் இசைந்ததோடு சமரசத்தில் முடிந்தது. தாள் ஏமாற்றுகிறது என்பது இங்கே கூற வருவதன்று. சிவந்த தாள் நீரைக் காட்டுவதாகவே கொண்டாலும், அந்நீர்தான் இப்பழுதைச் செய்தது என்பதற்கு இன்னொரு ஏது தனியே வேண்டும். திரையில் ஓடும் பச்சைக்கோட்டுக்கும் சிம் துளையருகே பட்ட வியர்வைக்கும் தொடர்பு கற்பிப்பது, மலையில் புகை கண்டு மடைப்பள்ளியில் நெருப்பு தேடுவதாகும்.

ஒரே காரியம் இருவேறு காரணங்களால் விளையலாம் என்பதை மறந்ததால் வந்த பெருங்கேட்டுக்குச் சாம்சங் நிறுவனத்தின் கேலக்ஸி நோட் 7 சான்றாக நிற்கிறது. 2016 ஆகஸ்ட்டில் வெளிவந்த அக்கைப்பேசிகள் சில தீப்பற்றியபோது, ஒரு தயாரிப்பாளரின் பேட்டரியே காரணம் என்று முடிவுசெய்து, மற்றொரு தயாரிப்பாளரின் பேட்டரி பொருத்திய கைப்பேசிகள் மாற்றாகத் தரப்பட்டன. மாற்றிக் கொடுத்தவையும் தீப்பற்றின. அக்டோபரில் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய எழுநூறு பேர், இரண்டு இலட்சம் கைப்பேசிகளையும் முப்பதாயிரம் பேட்டரிகளையும் வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2017 ஜனவரி 23 அன்று வெளியானபோது, முதல் வகைப் பேட்டரியில் மேல்மூலையில் மின்முனைத் தகடு வளைந்திருந்ததும், இரண்டாம் வகையில் பற்றவைப்பில் எழுந்த கூர்முனைகள் உள்ளுறையைத் துளைத்ததும் தெரியவந்தன. வைகையில் வெள்ளம் கண்டு மேற்கே மலையில் மழை பெய்தது என்று உணர்வதை, காரியத்திலிருந்து காரணத்தை உய்த்துணரும் வகைக்கு உதாரணமாக்கலாம். மணிமேகலை அதனை ‘எச்சம்’ என்னும். ஆனால் அணை திறந்தாலும் வைகையில் வெள்ளம் வரும். புகை அடங்கியதும் தேடுதலை நிறுத்திவிடும் மனித இயல்பு, நிறுவனங்களுக்கும் உண்டு.

சட்டம் இவ்விடத்தில் தத்துவத்தைப் பெரிதும் ஒத்துச் செல்கிறது என்பது பலர் கவனிக்காத செய்தி. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் குறையைச் சோதனையின்றித் தீர்மானிக்க இயலாது என்ற நிலை இருக்குமானால், மாவட்ட நுகர்வோர் ஆணையம் தன் கண்ணை நம்பி முடிவுசெய்யாமல், அப்பொருளின் மாதிரியைப் பெற்று முத்திரையிட்டுத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. அறிக்கைக்கு 45 நாள் தரப்படுகிறது. புகாரை முடிக்க வேண்டிய காலமும் பொதுவாக மூன்று மாதம் என்றிருக்க, சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதமாக நீள்கிறது. காண்பதற்கு உரிய காலத்தையும் கருவியையும் தந்த பின்னரே ‘இல்லை’ என்று சொல்ல விடுகிற இந்த ஏற்பாடு, யோக்கியதை என்னும் நிபந்தனையின் நீதிமன்ற வடிவமே. ஐந்து இலட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். ஆயினும் பதினைந்தாயிரம் ரூபாய்க் கைப்பேசிக்காக ஐந்து மாதம் காத்திருக்கத் துணிவோர் சிலரே என்பதால், பெரும்பாலான பழுதுகளின் உண்மை மேசையோரத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

வாரண்டி முடிந்தபின் அதே கைப்பேசி தெருமுனைக் கடைக்கு வருகிறது. அங்கே நடக்கும் பழுதாய்வின் ஒரு முறை, தருக்க நூல்களைக் கற்றவருக்கு வியப்பூட்டும். பலகையில் எங்கோ ஷார்ட், அதாவது மின்சாரம் குறுக்குவழியில் பாயும் கேடு, இருக்கிறது என்று மல்டிமீட்டர் சொல்லிவிட்டது. கடுகினும் சிறிய நூற்றுக்கணக்கான உறுப்புகளில் எது என்று அது சொல்லாது. கடைக்காரர், ரோசின் என்னும் பைன் மரப் பிசின் கட்டியின்மேல் சூடான சால்டரிங் முனையை வைக்கிறார். எழும் வெண்புகையைப் பலகையின் மேல் பிடிக்கிறார். புகை படிந்து பலகை முழுவதும் மாவு தூவியது போல வெளுக்கிறது. பிறகு கெட்ட பாதையில் குறைந்த அழுத்த மின்சாரத்தைச் செலுத்திவிட்டுக் குனிந்து பார்க்கிறார். சில நொடிகளில் ஓரிடத்தில் மட்டும் வெள்ளை உருகி, ஒற்றைப் புள்ளி கறுப்பாகப் பளபளக்கிறது. பழுதான கெப்பாசிட்டர் அதுவே. புகையைக் கொண்டு நெருப்பை அறிவது அனுமானத்தின் பழைய பாடம். இங்கோ புகையை வலிந்து படியச்செய்து, அது இல்லாமற்போன இடத்தைக் கொண்டு உள்ளிருக்கும் சூடு அறியப்படுகிறது. காணமுடியாத பழுது காணத்தக்க தகுதியைப் பெறுவது இப்படித்தான். அதற்குச் செலவானது ஒரு துண்டுப் பிசின்.

நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் பெரும்பாலும் இத்தேடலில் இறங்குவதில்லை. முழுப் பலகையையும் மாற்றிவிடுவதே அங்கே வழக்கம். வேலை விரைவில் முடியும் என்பது உண்மையே. ஆனால் பலகை மாறினால் அதனோடு பிணைந்த பதினைந்து இலக்க அடையாள எண்ணும் மாறிவிடுவது வழக்கம். உள்ளே சேமித்திருந்த படங்களும் எண்களும் போய்விடும். சக்கரம், அச்சு, நுகம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டி, இவற்றுள் எது தேர் என்று மிலிந்த மன்னனைப் பௌத்தத் துறவி நாகசேனர் கேட்ட கேள்வி இங்கே திரும்ப எழுகிறது. திரும்பி வந்தது அதே கைப்பேசியா? பௌத்தர் ‘அதுவுமன்று, வேறுமன்று’ என்பர். ஆகம மரபோ இதற்கு வேறொரு விடையைச் செயலாகவே வைத்திருக்கிறது. கோயிலில் திருப்பணி தொடங்குமுன், கலாகர்ஷணம் என்னும் சடங்கால் மூலமூர்த்தியின் ஆற்றலைக் குடத்து நீரிலோ அத்திமரப் பலகையில் எழுதிய வடிவிலோ இறக்கி, பாலாலயம் என்னும் சிறு தற்காலிகச் சந்நிதியில் வைத்து வழிபடுவர். வேலை முடிந்து குடமுழுக்கின்போது அது மீண்டும் மூலத்தில் சேர்க்கப்படும். கல் மாறலாம், சுதை மாறலாம், வழிபாடு ஒருநாளும் அறுபடாது. ‘டேட்டா பேக்கப் எடுத்துட்டீங்களா?’ என்று மேசையில் கேட்கப்படும் கேள்வியை இதனோடு ஒப்பிடுவது தெய்வக் குற்றமாகாது என்று கொள்ளலாம். வேறுபாடு என்னவென்றால், திருப்பணியில் பேக்கப் எடுப்பது பழுதுபார்ப்பவரின் கடமை.

வாக்கு கொடுத்தவர் ஒருவர், நிறைவேற்றுபவர் வேறொருவர் என்பதும் வாரண்டியின் இயல்பிலேயே இருக்கும் சிக்கல். விற்ற கடைக்காரர் நிறுவனத்தைக் காட்டுகிறார், நிறுவனம் சர்வீஸ் சென்டரைக் காட்டுகிறது, சர்வீஸ் சென்டர் உதிரிபாகம் வரவில்லை என்கிறது. இதற்கும் யானைமலை ஒரு பழஞ்செய்தி வைத்திருக்கிறது. மலையடிவாரத்து நரசிங்கத்தில் உள்ள குடைவரைக் கோயிலைப் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் உத்தரமந்திரி, அதாவது முதன்மை அமைச்சர், மாறன்காரி குடைவித்தார். கலியாண்டு 3871, கிறித்தவக் கணக்கில் 770. அவர் வைத்தியர் குலத்தவர் என்பதும் கல்வெட்டால் தெரிகிறது. கோயிலுக்கு நீர்தெளித்துக் குடமுழுக்குச் செய்வதற்குள் அவர் இறந்துபோனார். அவருக்குப் பின் அதே பதவியை ஏற்ற தம்பி மாறன் எயினன் முகமண்டபத்தையும் கட்டி, அண்ணன் விட்ட நீர்தெளிப்பையும் செய்து முடித்தார். பதவியை ஏற்றவர் பதவியோடு வந்த குறையையும் தமதாக ஏற்றார். பணி முடிந்ததைப் பதிவுசெய்யும் வட்டெழுத்துக் கல்வெட்டு, தொடங்கியவர் முடிக்காமல் இறந்தார் என்பதையும் மறைக்காமல் அதே கல்லில் எழுதி வைத்திருக்கிறது.